தொண்ணூற்றெட்டு மீற்றர்

14

போன கிழமை ஜஹானாவை அடுப்படியில், பால் சட்டிக்கு முன்னால், ஒரு வரைபைப் பார்த்தபடி நிற்கவிட்டுப் போனதற்காக எனக்கு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. பால் என்ன ஆனது என்று கம்பளை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பொங்கி வழிந்தது, வேறென்ன ஆகும்? துடைத்தது மாமி.

புதிதாய் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஸக்கியா உம்மாவின் வீடு. வீட்டில் மூன்று பேர்: ஸக்கியா, அவருடைய ஒரே மகன் ரிஸ்மி, மருமகள் ஜஹானா. மகனுக்கும் மருமகளுக்கும் வேலை ஒரே இடத்தில், பல்கலைக்கழகத்தின் விண்கல வழிநடத்தல், மதிப்பீட்டு ஆய்வுக் குழுவில். மேலே சுற்றும் ஒரு சின்னச் செய்மதியோடு மொட்டைமாடி அன்டெனாவால் பேசி, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, அடுத்த தடவை எங்கே வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். ஜஹானா அங்கே விரிவுரையாளர். ரிஸ்மி நாலு வருடமாய் ஆய்வு மாணவன். கல்யாணம் முடிந்ததும் நாலு வருடம்தான்.

ரிஸ்மிக்கு நோர்வேயில் இரண்டு வருட இடம் கிடைத்திருக்கிறது. தீஸிஸை இந்த மாதத்துக்குள் கொடுத்தால் செப்டெம்பரில் போகலாம். ஒன்பது நாளைக்கு முன்பு ஜஹானா, "நீங்க போனா நான் இங்க என்ன செய்ற?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவள் கேட்டது ஏக்கத்தில். அவன் காதில் அது தடையாய் விழுந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றாலும் உம்மாவிடம்தான் கேட்கிறான்.

இன்று புதன்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கு அவன் தன் ஆய்வை எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தீஸிஸ் மூன்று பரீட்சகர்களுக்கும் போகும்.

இப்போது காலை ஆறரை.

ஜஹானா இரவு முழுக்கத் தூங்கவில்லை என்பதை அவள் முகமே சொன்னது. அபாயாவை மாட்டி, ஒரு வாய் தேத்தண்ணி குடித்து, கோப்பையை வைத்து, மறுபடி எடுத்து, குடிக்காமலே வைத்தாள். ஸக்கியா மேசை நிறையப் பெட்டிஸுக்கு மாவு மடித்துக்கொண்டிருந்தார். மகனுடைய பெரிய நாளாம், வெறுங்கையோடு போவதாம்! அறுபது பெட்டிஸ், நாற்பது கட்லட். அவரும் இன்றைக்கு வருகிறார், முதல் தடவையாக.

"எங்க மகள் இந்த அவசரம்? ரெண்டு மணிக்குத்தானே," என்றார் ஸக்கியா.

அந்த நேரம் பார்த்துச் சட்டையை அயர்ன் பண்ணப் போன ரிஸ்மி கதவடியில் நின்றான்.

"எட்டு மணிக்கு வகுப்பு ஈக்குது மாமி," என்றாள் ஜஹானா. சொன்னது மாமிக்கு. பார்த்தது ரிஸ்மி போட்டிருந்த பழைய சட்டையின் இரண்டாவது பொத்தானை.

பொய் சொல்லும்போது அவள் கண் பொத்தானுக்குப் போகும். அவளுக்கே இது தெரியாது. தெரிந்தவன் அயர்ன் பெட்டியைச் செருகினான்.

பாலத்தில் வழக்கம்போல வாகனம் நெருக்கியடித்து நின்றது. பஸ்ஸில் நின்றபடி போனைத் திறந்து திறந்து அந்த வரைபையே பார்த்தாள். ரிஸ்மியின் தீஸிஸில் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க இந்த ஒரு படத்தின் மேல்தான் நிற்கிறது. செய்மதி தொடுவானத்தில் தெரியும்போது அளந்த தூரமும் கணக்குப் போட்ட தூரமும் ஏறக்குறையச் சரியாய் இருக்கின்றன. தலைக்கு நேரே வர வர வித்தியாசம் கூடுகிறது. இறங்க இறங்கக் குறைகிறது. நாலு வருடமாய் ஒவ்வொரு தடவையும் அதே மேடு.

ரிஸ்மி அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தான். செய்மதி கிட்ட வரும்போது நாம் அனுப்பும் சமிக்ஞை அதற்குப் பலமாய்க் கேட்கிறது; பலமாய்க் கேட்டால் அதன் வானொலி பதில் சொல்லச் சற்றுச் சுணங்குகிறது. செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வராத சுணக்கம். இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. நோர்வேக்காரர்கள் அவனைக் கூப்பிட்டதே இதற்காகத்தான்.

ஆனால் இன்னொரு காரணமும் இருக்கலாமே என்று நேற்றுப் பால் பொங்கிய நேரத்தில் ஜஹானாவுக்குப் பட்டது. நீங்கள் ஏணியில் நிற்கிறீர்களா தரையில் நிற்கிறீர்களா என்பது அடுத்த ஊர்க்காரனுக்குத் தெரியாது. கூரையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். நம்முடைய அன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பிழையாய் எழுதிவைத்திருந்தால், செய்மதி தலைக்கு மேல் வரும்போதுதான் அந்தப் பிழை முழுசாய்த் தெரியும்.

அந்த உயரத்தை எழுதியது யார் என்று அவளுக்கு நன்றாய் ஞாபகம் இருந்தது.

ஆய்வுகூடத்தில் துஷாந்தி மட்டும் இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, குழுவின் உதவியாளர், சாப்பிடுவதும் கணினிக்கு முன்னால்தான். ஜஹானா வணக்கம்கூடச் சொல்லாமல் போய், அன்டெனாவின் விவரங்கள் எழுதிய நிலையக் கோப்பைத் திறந்தாள்.

இங்கே இந்தக் குழுவின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். குழுவின் தலைவர் பேராசிரியர் ஸ்ரீஸ்கந்தராசாவின் சட்டம் அது. எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் அதை எவ்வளவு சந்தேகிக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். உயரம் ஐந்நூறு, சந்தேகம் பத்து என்று எழுதினால், பத்து மீற்றர் அளவுக்கு அந்த உயரத்தை நம்பாதே என்று கணினிக்குச் சொல்வதாய் அர்த்தம். செய்மதியிலிருந்து புதுப்புது அளவுகள் வர வர, கணினி தானாகவே உயரத்தைத் திருத்திக்கொண்டு போகும். சந்தேகம் பூச்சியம் என்று எழுதினால் கணினி அதைத் தொடாது. பழியை வேறெங்காவது தேடும். இன்னொரு சட்டம், பழைய வரியை யாரும் அழிக்கக்கூடாது. முன்னால் ஒரு குறி போட்டு அப்படியே விட வேண்டும்.

உயரம் 512.4 என்று இருந்தது. அந்த வரியின் மிச்சத்தை அவள் வாசிக்கவில்லை.

ஜஹானா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். அது நில அளவையாளர்களின் தாளில் இருந்த உயரம், கடல் மட்டத்திலிருந்து எடுத்தது. தாளில் பிழையே இல்லை. ஆனால் இந்தக் கணக்குக்குக் கடல் மட்டம் உதவாது. செய்மதிக் கணக்கில் பூமி என்பது வழவழப்பான ஒரு முட்டை வடிவம். உயரத்தை அந்த முட்டை ஓட்டிலிருந்து எடுக்க வேண்டும். இலங்கையைச் சுற்றியிருக்கிற கடலோ அந்த ஓட்டுக்கு ஏறத்தாழ நூறு மீற்றர் கீழே பள்ளத்தில் கிடக்கிறது. கண்டியில் தொண்ணூற்றெட்டு. எழுதியிருக்க வேண்டியது 414.4.

வருடா வருடம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கிறவளே இவள்தான். கரும்பலகையில் முட்டை வரைந்து, பள்ளம் வரைந்து, இதை மறந்தால் மாட்டிக்கொள்வீர்கள் என்று மிரட்டுகிறவள்! நாலு வருடத்துக்கு முன்பு, நிக்காஹ்வுக்கு மூன்று நாள் இருக்கையில், விரலில் மருதோன்றி காயாததால் நகநுனியால் தட்டித் தட்டி இந்த எண்ணைப் போட்டிருக்கிறாள். லீவு தொடங்கமுதல் முடித்துக் கொடுக்க வேண்டுமென்ற அவசரம்.

கோப்பைத் தொடாமல், ஒரு பிரதியில் திருத்திய உயரத்தைப் போட்டு, நாலு வருட அளவுகளையும் மறுபடி ஓடவிட்டாள். இருபத்தைந்து நிமிடம். எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினாள்.

துஷாந்திதான் திரையை முதலில் பார்த்தாள். "அக்கா, மேடு எங்க?"

மேடு இல்லை. பாயில் கொட்டிய உளுந்தாய்ப் புள்ளிகள் சமமாய்ச் சிதறிக் கிடந்தன. இப்படி ஒரு படத்தைப் பார்க்கத்தான் இந்தக் குழு நாலு வருடமாய்த் தவம் கிடந்தது. ரிஸ்மியின் சுணக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை.

துஷாந்தி கோப்பில் கீழே இறக்கிப் பார்த்துவிட்டுத் திரையை ஜஹானாவின் பக்கம் திருப்பினாள். ஜஹானாவும் பார்த்தாள். குறி போட்டு விட்டிருந்த பழைய வரி, அவளுடையது: *உயரம் 512.4. சந்தேகம் 150. தற்காலிகம், பிறகு சரிபார்க்க வேண்டும். ஜஹானா.* அதற்கு மேல், கணினி நாலு வருடமாய் வாசித்துக்கொண்டிருக்கும் வரி: *உயரம் 512.4. சந்தேகம் 0. ஜஹானா எடுத்த அளவு, பார்க்கத் தேவையில்லை. ரிஸ்மி.* தேதி, கல்யாணம் முடிந்த நாலாம் நாள்.

அட மடையா என்று திட்டவும் முடியவில்லை, அழாமல் இருக்கவும் முடியவில்லை அவளால். நூற்றைம்பதை அவன் அப்படியே விட்டிருந்தால் ஒரு கிழமையில் கணினியே பிழையைத் திருத்தியிருக்கும். புது மாப்பிள்ளை, பெண்சாதியின் எண்ணுக்குச் சந்தேகமே வேண்டாம் என்று பூச்சியம் போட்டிருக்கிறான்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றாள் துஷாந்தி மெதுவாய். "ஆனா அக்கா, ரெண்டு மணிக்குப் பிறகும் சொல்லாம இருக்கேலாது."

சொல்லாமல் விட்டால் என்ன? நீங்கள் கேட்பீர்கள், ஜஹானாவும் கேட்டுக்கொண்டாள். பரீட்சகர்கள் நிலையக் கோப்பைத் திறக்கப் போவதில்லை. அவன் பட்டம் வாங்கி நோர்வேக்குப் போவான். போய் அங்கே வேறொரு அன்டெனாவில், வேறொரு செய்மதியில் அந்தச் சுணக்கத்தைத் தேடுவான். கிடைக்காது. அந்நிய ஊரில் தன்னந்தனியாய் அது உடையும்போது பக்கத்தில் இவளும் இருக்கமாட்டாள். சொன்னாலோ, ஒன்பது நாளாய் முகம் கொடுக்காதவன், நான் போவதைத் தடுக்கத்தான் இதைத் தோண்டினாய் என்பான். பிறகு இந்த வீட்டில் யார் யாரோடு பேசுவது?

ரிஸ்மிக்குப் போன் எடுத்தாள். கட் பண்ணினான். மறுபடி எடுத்தாள். மறுபடி கட்.

பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுதுவிட்டு அவன் வெளியே வந்தபோது, சப்பாத்துப் போடும் படியடியில் மடிக்கணினியோடு நின்றாள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். கடல் மட்டம், முட்டை ஓடு, தொண்ணூற்றெட்டு மீற்றர் என்று மூச்சு விடாமல் சொன்னாள். கோப்பைக் காட்டவில்லை. அந்தப் பூச்சியத்தை அவன் பார்க்கவே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாள்.

ரிஸ்மி ஒரு சப்பாத்தைப் போட்டபடி, மற்றதைக் கையில் வைத்தபடி, அசையாமல் பார்த்தான்.

"நான் போறத்த நிப்பாட்டுறத்துக்கு நாலு வருசம் பொறகு ஒரு நம்பரத் தேடி எடுத்தியா?"

ஒன்பது நாளுக்குப் பிறகு அவளோடு பேசிய முதல் பேச்சு இது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"நம்பர் என்ட. பிழையும் என்ட," என்றாள். "நீங்க ஒண்டும் செய்யல்ல."

கண் அவன் சட்டைப் பொத்தானில் இருந்தது. ரிஸ்மி அவள் கண்ணைப் பார்த்தான், பிறகு குனிந்து பொத்தானைப் பார்த்தான். மற்றச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு மணிக்கு மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஸக்கியா த்ரீவீலரில் மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கி, பின்வரிசையில், பெட்டிகளை மடியிலும் காலடியிலுமாய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்தார். பேராசிரியர் முன்வரிசை. ஜஹானா ஓரமாய், எழுந்து ஓடுவதற்கு வசதியாய், கதவுக்குக் கிட்ட.

ரிஸ்மி ஆங்கிலத்தில் தொடங்கினான். அன்டெனா, செய்மதி, அளவெடுக்கும் விதம். எல்லாம் ஒத்திகை பார்த்தபடியே வந்தது. இவன் மறைக்கப்போகிறான் என்று ஜஹானாவுக்கு உறுதியாகிவிட்டது. எழுந்து சொல்லலாமா? எல்லோர் முன்னாலும் புருஷனை எதிர்த்தா? கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி விரல் சிவந்துபோயிற்று.

பதினோராவது படம், அந்த மேடு, திரையில் விழுந்தது. ரிஸ்மி நிறுத்தினான். தண்ணீர் குடித்தான். நிறைய நேரம் குடித்தான். பிறகு தன் படங்களை மூடிவிட்டு, ஆய்வுகூடத்துக் கணினியிலிருந்து நிலையக் கோப்பை அந்தப் பெரிய திரையில் திறந்தான்.

இந்த மேட்டுக்குத் தான் சொல்லவந்த காரணம் பிழை என்றான். அன்டெனாவின் உயரம் தொண்ணூற்றெட்டு மீற்றர் கூடுதலாய் எழுதப்பட்டிருக்கிறது, இன்று காலையில்தான் ஜஹானா கண்டுபிடித்தாள் என்றான். எழுதியதும் அவள்தான். ஆனால் எழுதிய அன்றே சந்தேகம் நூற்றைம்பது என்றும் எழுதியிருக்கிறாள். கீழே இறக்கி அந்த வரியைக் காட்டினான். பிறகு மேலே ஏற்றி மற்ற வரியைக் காட்டினான்.

"இந்தப் பூச்சியத்தைப் போட்டவன் நான்," என்றான். "காரணம் எதுவும் இல்லை. அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது."

நடுவரிசையில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஸக்கியாவுக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. ஆனால் திரையில் மருமகளின் பெயரையும் மகனின் பெயரையும் வாசிக்கத் தெரிந்தது. ஏதோ விருதாக்கும் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவருக்கு விரலால் காட்டினார்.

பேராசிரியர் எழுந்தார். எழுந்தால் லேசில் உட்காரமாட்டார் என்று பெயர். இன்றைக்கு இரண்டே வரிதான் பேசினார், அதுவும் தமிழில்.

"அந்தக் கோப்பை நாலு வருசமா நானும் திறந்து பாக்கேல்லை. ரிஸ்மி, அதையும் உம்மட தீஸிஸில எழுதும்."

கூட்டம் கலைந்தது. ஜஹானா மாடிப்படியில் போய் நின்றாள். மனசின் பாரம் ஒன்பது நாளுக்குப் பிறகு கொஞ்சம் இறங்கியிருந்தது. போனது போகட்டும். ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதலாம், ஆறு மாதம் பிடிக்கும், இருவருமாய் உட்கார்ந்தால் நாலு மாதம். நோர்வேக்காரரிடம் நேர்மையாய்ச் சொல்லித் தவணை கேட்கலாம். கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள்.

ரிஸ்மி வந்து ஒரு படி கீழே நின்றான்.

"அந்த வரிய எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தித்தான். நான் ஒண்டும் செய்யல்ல எண்டு சொன்னியே, அப்பவே வெளங்கிட்டு. பொய் சொல்லக்குள்ள நீ என்ட பொத்தானப் பாப்ப."

அவள் சிரிக்கப் போனாள். அவன் சிரிக்கவில்லை.

"காலைலயும் அப்படித்தான் பாத்த," என்றான். "எட்டு மணிக்கு வகுப்பெண்டு. புதன்கிழம ஒனக்கு வகுப்பே இல்ல ஜஹானா. நீ பேராசிரியர் சேர்ட்ட போய்ப் பேசி, என்ட தீஸிஸ நிப்பாட்டப் போற எண்டு நெனச்சன்."

"அதுக்கு?"

"வெள்ளிக்கிழம வரைக்கும் காத்திருக்கப் பயமா இருந்திச்சி. நீ பஸ் ஏறினதும் தீஸிஸ அனுப்பிட்டன். மூணு பரீட்சகருக்கும். நோர்வேக்கும்." போனை எடுத்து நீட்டினான். "நோர்வேலருந்து மட்டும் பதில் வந்தீக்குது. கூட்டம் நடக்கக்குள்ள வந்தது. திறக்கல்ல."

ஜஹானா போனை வாங்கினாள். திறக்கவில்லை. காலையில் அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல், ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது, வாங்க இரண்டு பேருமாய்ப் போய்ப் பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருந்தால் தீஸிஸ் பிழையோடு வெளியே போகாமல் இன்னும் வீட்டு மேசையில் கிடந்திருக்கும். அவன் நாலு வருடத்துக்கு முன்பு அவளைச் சந்தேகிக்கவே இல்லை. இன்று காலையில் முழுசாய்ச் சந்தேகித்துவிட்டான். இரண்டு தடவையும் கணக்குப் பிழைத்தது.

ஸக்கியா பெட்டியைத் திறந்து பிடித்தபடி படியேறி வந்தார். மண்டபத்தில் எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சியதில் மகனுக்கென்று நாலு பெட்டிஸ் ஒதுக்கி வைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சா மகள்?"

ரிஸ்மி ஜஹானாவைப் பார்த்தான். ஜஹானா யாருடைய பொத்தானையும் பார்க்கவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"இல்ல மாமி. முடியல்ல."